பசை ஆய்வு: வாளி நிறைந்துவிட்டது, ஒட்டு மட்டும் விடவில்லை

எட்டாம்வகுப்பு டீச்சர் | சனி, இரவு 9.40

வணக்கம். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்காக என் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர், "எந்தப் பசை எதில் நன்றாக ஒட்டும்?" என்று ஓர் ஆய்வு செய்கிறார்கள். தலைப்பும் முறையும் அவர்களே யோசித்தவை. நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன், அதனால்தான் இந்த இழை.

முறை இதுதான். இரண்டு பட்டைகளை 2 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, ஒரு நாள் காயவைக்கிறார்கள். மேல் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, கீழ்ப் பட்டையில் 10 லிட்டர் பெயின்ட் வாளியைத் தொங்கவிட்டு, கால் லிட்டர் டம்ளரால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒட்டு விடும்போது எத்தனை டம்ளர் என்று எழுத வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ, காலி வாளி 400 கிராம். பட்டைகள் எல்லாம் 1 செ.மீ. அகலம். மரத்துக்கு ஐஸ் குச்சி, அப்புறம் தகரம், பிளாஸ்டிக், அட்டை. பசைக்கு மைதா, புளியங்கொட்டைப் பசை, ஃபெவிகால், பெட்டிக்கடையில் விற்கும் குயிக் பசை.

சிக்கல்கள்:

ஐஸ் குச்சியில் ஃபெவிகால் விடவே இல்லை. வாளி நிறைந்து, கடைசியில் வாளியின் கைப்பிடிதான் கழன்றது. வகுப்பறை முழுக்க தண்ணீர்.

தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே போட்ட ஃபெவிகால் மறுநாள் பிரித்துப் பார்த்தால் நடுவில் இன்னும் பாலாகவே இருக்கிறது.

பிளாஸ்டிக்கில் குயிக் பசை ஐந்து முறை செய்தார்கள். வாளியை மாட்டியதுமே இரண்டு விழுந்தன. ஒன்று ஒரே டம்ளரில் விட்டது. மீதி இரண்டும் பத்து லிட்டரையும் தாங்கின. சராசரி 4.45 கிலோ என்று ஒரு பையன் கரும்பலகையில் எழுதிக் கட்டம் போட்டுவிட்டான். தகரத்தில் குயிக்கும் ஏறி இறங்குகிறது: 9, 3, 8.5, 2.5, 9.

இந்தச் சராசரிகளை அப்படியே சார்ட்டில் எழுதலாமா? நடுவர்கள் கேட்டால் என்ன சொல்வது?


சந்தேகப்பேர்வழி | சனி, இரவு 10.05

கண்காட்சிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? கம்மி என்றால் சராசரியை எழுதிவிட்டு, "பரிசோதனைப் பிழை" என்று கீழே ஒரு வரி போடுங்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.


இழைப்புளி | ஞாயிறு, காலை 6.20

டீச்சர், நான் முப்பது வருஷமாக மரவேலை செய்கிறவன். உங்கள் முதல் சிக்கல் சிக்கலே இல்லை. மரத்தோடு மரம் சேர்த்து, ஃபெவிகால் போட்டு, ஒழுங்காக இறுக்கி வைத்தால் ஒட்டு விடாது. பக்கத்தில் இருக்கிற மரம்தான் பிய்யும். பழைய நாற்காலியை உடைத்துப் பாருங்கள், ஒட்டின கோட்டை விட்டு ஒரு நூல் தள்ளி நார் உரிந்து வந்திருக்கும். அப்போது நீங்கள் சோதித்தது பசையை அல்ல, மரத்தை.

அதனால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: விழுந்ததும் கிலோவை எழுதுவதற்கு முன் இரண்டு துண்டையும் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். பசை ஒரு பக்கமாக முழுசாக உரிந்து வந்ததா? இரண்டு பக்கமும் பாதிப் பாதி பசை நிற்கிறதா? இல்லை நார் பிய்ந்திருக்கிறதா? மூன்றும் மூன்று கதை. எங்கள் பட்டறையில் ஒரு மேசைக்கால் கழன்று திரும்பி வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்போம்.

இன்னொன்று. ஒட்டியதும் எதை வைத்து இறுக்கினார்கள்? கிளாம்ப் இல்லை என்றால் துணிக் கிளிப்பாவது போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கிளிப், ஒரே எண்ணிக்கை. ஒன்றைக் கையால் அமுக்கி, இன்னொன்றைப் புத்தகத்துக்கு அடியில் வைத்தால் அந்தக் கணக்கு எதற்கும் ஆகாது.


மூலக்கூறு | ஞாயிறு, காலை 8.15

இழைப்புளி அண்ணன் சொன்ன மூன்று கதைக்கும் எங்கள் துறையிலும் பெயர் உண்டு. பசைக்கும் பரப்புக்கும் நடுவே விட்டால் ஒட்டுத் தோல்வி. பசையே நடுவில் கிழிந்தால் உட்தோல்வி. பொருளே உடைந்தால் பொருள் தோல்வி. பசை வேலையில் இருக்கிறவர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் இதையும் எழுதாமல் அறிக்கையை மூட மாட்டார்கள்.

வாளி ஏன் விடவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நன்றாக ஒட்டிய மரத்தில் இந்த வெள்ளைப் பசை சதுர செ.மீ.க்கு 50 கிலோவைச் சாதாரணமாகத் தாங்கும். உங்கள் ஒட்டுப் பரப்பு 1 × 2, அதாவது 2 சதுர செ.மீ. அதை அறுக்க நூறு கிலோ வேண்டும். பத்து லிட்டர் வாளி எந்த மூலைக்கு?

தகரத்துக்கு நடுவே பாலாக நின்றதற்கு வருவோம். ஃபெவிகால் என்பது பாலிவினைல் அசிடேட் என்ற பாலிமரின் நுண்துளிகள் தண்ணீரில் மிதக்கும் பால். தண்ணீர் போனால்தான் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகும். மரம் என்றால் தண்ணீரைக் குடித்துவிடும். இரண்டு பக்கமும் தகரம் என்றால் தண்ணீர் எங்கே போகும்? ஓரத்தால் மட்டும்தான். ஓரம் காய்ந்து மூடிக்கொண்டால் அந்த வழியும் போச்சு. பிள்ளைகள் பிரித்துப் பார்த்தது நல்லதாயிற்று. நிறையப் பேர் பார்க்காமலேயே "ஃபெவிகால் உலோகத்தில் ஒட்டாது" என்று எழுதிவிடுவார்கள்.

குயிக் பசை இதற்கு நேர் எதிர். அது சயனோஅக்ரிலேட். காற்றிலும் பரப்பிலும் இருக்கும் துளி ஈரம் பட்டால் போதும், மூலக்கூறுகள் சங்கிலி கோத்துக்கொள்ளும். நிறைய ஊற்றினால் பலம் கூடாது, இறுகத் தாமதம்தான் ஆகும். 1942இல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இது கையில் கிடைத்தது. தொட்டதெல்லாம் ஒட்டித் தொலைக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். கடைக்கு வந்தது 1958இல்.

இப்போது என் கேள்வி. அந்த "பிளாஸ்டிக்" பட்டைகளை எதிலிருந்து வெட்டினார்கள்?


எட்டாம்வகுப்பு டீச்சர் | ஞாயிறு, காலை 10.50

கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு ஜோடி பழைய ஸ்கேலிலிருந்து. மூன்று ஜோடி ஐஸ்கிரீம் டப்பா மூடியிலிருந்து. இரண்டும் பிளாஸ்டிக்தானே என்று ஒரே கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்.


மூலக்கூறு | ஞாயிறு, காலை 11.10

வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் ஆய்வின் சிறந்த முடிவே அங்கேதான் ஒளிந்திருக்கிறது! பத்து லிட்டர் தாங்கிய இரண்டும் ஸ்கேல் என்று நினைக்கிறேன். மூடியின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும், பார்க்கச் சொல்லுங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். 2 அல்லது 4 என்றால் பாலித்தீன். இந்த இரண்டு வகையிலும் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. ஸ்கேல் பெரும்பாலும் பாலிஸ்டைரீனோ அக்ரிலிக்கோ. அதில் குயிக் நன்றாகப் பிடிக்கும்.

காரணம் தாமரை இலைத் தண்ணீர்தான். பசை ஒட்ட வேண்டுமானால் முதலில் பரப்பின்மேல் பரவ வேண்டும். பாலித்தீன் மெழுகு மாதிரி. தன்மேல் விழும் திரவத்தை இழுத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்குக் குறைவு. அந்தப் பரப்பாற்றலை மீட்டருக்கு இத்தனை மில்லிநியூட்டன் என்று சொல்வார்கள். பாலித்தீனுக்குச் சுமார் 31, தண்ணீருக்கு 72. அதனால்தான் தண்ணீர் அதன்மேல் முத்தாகத் திரண்டு நிற்கிறது. (தாமரை இலையில் மெழுகோடு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமும் சேர்ந்து வேலை செய்கிறது. அது இன்னும் ஒரு படி மேல்.)

பிள்ளைகளை ஒவ்வொரு பரப்பிலும் இங்க் ஃபில்லரால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் குனிந்து பார்த்து, முத்தாக நிற்கிறதா, தோசை மாவு போலப் பரவுகிறதா என்று படம் வரையட்டும். அதற்கப்புறம் அந்தப் பரப்பில் பசை நிற்குமா என்று பந்தயம் கட்டட்டும். எல்லாப் பந்தயத்திலும் ஜெயிக்க மாட்டார்கள், ஆனால் பெரும்பாலும் ஜெயிப்பார்கள்.

அந்த 4.45 கிலோவைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். ஐந்தில் ஒன்றுகூட அதன் பக்கத்தில் இல்லை. இல்லாத ஒரு பிளாஸ்டிக்கின் பலம் அது.


சந்தேகப்பேர்வழி | ஞாயிறு, பகல் 12.30

சரி, ஒப்புக்கொள்கிறேன், "பரிசோதனைப் பிழை" என்று எழுதச் சொன்னது தப்பு. ஆனால் தகரக் கணக்கில் என்ன மர்மம்? அதே தகரம், அதே பசை. 9, 3, 8.5, 2.5, 9.


பழைய நடுவர் | ஞாயிறு, மாலை 4.45

சில வருடங்கள் மாவட்டக் கண்காட்சிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். பளபளக்கும் சார்ட்டும், மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளையும் எனக்குப் பெரிதில்லை. கசங்கிய ஒரு நோட்டு இருக்கிறதா என்றுதான் கேட்பேன். எந்தத் தேதி, யார் ஒட்டினார், யார் தண்ணீர் ஊற்றினார், மழையா வெயிலா, எல்லாம் அடித்துத் திருத்தி எழுதிய நோட்டு. அது இருந்தால் தகர மர்மமும் விடுபட்டுவிடும். யார் எந்தப் பட்டையை ஒட்டினார்கள் என்று குறித்திருக்கிறார்களா, டீச்சர்?

அவசரமாக ஒரு விஷயம். துணியையும் ஒரு பரப்பாகச் சேர்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். குயிக் பசையைப் பருத்தித் துணியிலோ பஞ்சிலோ ஊற்ற விடாதீர்கள். பருத்தியில் அது சடசடவென்று இறுகும்போது சூடு கிளம்பும், தோலைச் சுடும், புகை கூட வரும். விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனும் உதவும், ஆனால் கண், வாய்ப் பக்கம் வேண்டவே வேண்டாம். குயிக் வேலை மட்டும் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது நடக்கட்டும்.


எட்டாம்வகுப்பு டீச்சர் | திங்கள், மாலை 5.20

ஐயா, நோட்டு இருந்தது! அழகாக இல்லை, ஆனால் ஒட்டியவரின் பெயர் முதலெழுத்து இருக்கிறது. 3 கிலோவும் 2.5 கிலோவும் ஒரே பிள்ளை ஒட்டியவை.

அவள் கோபித்துக்கொண்டாள். "நானும் அதே மாதிரிதான் டீச்சர் ஒட்டினேன்" என்று கண் கலங்கிவிட்டது. இன்னொரு முறை என் முன்னால் ஒட்டிக் காட்டச் சொன்னேன். தகரத்தை எடுத்தாள், கட்டைவிரலால் நடுவில் ஒரு தேய் தேய்த்துத் தூசி தட்டினாள், முன்னால் வந்து விழுந்த பின்னலைத் தூக்கிப் பின்னால் போட்டாள், மறுபடி தகரத்தைத் தேய்த்தாள். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே பக்கத்தில் இருந்த பையன், "எண்ணெய்!" என்று கத்திவிட்டான். தினமும் அவள் பாட்டி தலை நிறைய தேங்காய் எண்ணெய் வைத்துத்தான் அனுப்புவார்.

இப்போது அது அவர்களுடைய தனி ஆய்வாகிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவிய தகரம், கழுவாத தகரம், வேண்டுமென்றே ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்த தகரம், உப்புத்தாள் போட்ட தகரம். அவள்தான் அதற்குத் தலைவி. பாட்டியிடம் சொல்லி ஒரு சின்னப் புட்டியில் எண்ணெயும் கொண்டுவந்துவிட்டாள்.


இழைப்புளி | திங்கள், இரவு 8.00

பாப்பாவிடம் சொல்லுங்கள், இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. இழைத்து நாளாகிவிட்டால் அது மேலே வந்து நிற்கும், பசை பிடிக்காது. அன்றைக்கு இழைத்து அன்றைக்கே ஒட்ட வேண்டும், இல்லை என்றால் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு கல்யாண வீட்டு ஊஞ்சல் பலகையை இரண்டு முறை பிரித்து ஒட்டினேன்.

உப்புத்தாளை ஒரே திசையில் தேயுங்கள். தேய்த்த தூசியை ஊதாதீர்கள், எச்சில் படும். ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.


சிவகாசி பைண்டர் | திங்கள், இரவு 10.30

தாமதமாக வந்தேன், மன்னிக்கவும், டைரி சீசன். மைதாப் பசையைப் பற்றி யாருமே பேசவில்லையே.

டீச்சர், பிள்ளைகள் மைதாவை எப்படிக் காய்ச்சினார்கள்? பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளையாக இருக்கிற கரைசல் ஒரு கட்டத்தில் கண்ணாடி மாதிரி மினுக்கும், கரண்டி கனக்கும். அங்கே இறக்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் அது மாவுத் தண்ணீர், பசை இல்லை. ஆறவைத்துத்தான் தடவ வேண்டும். பூச்சியும் பூஞ்சையும் வராமல் இருக்க நாங்கள் மயில்துத்தம் கலப்போம். அது விஷம், பள்ளிக்கூடத்தில் வேண்டாம். அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றன்றைக்கு முடியுங்கள்.

அட்டையில் மைதா "தோற்றது" என்று யாராவது எழுதியிருந்தால் துண்டைத் திருப்பிப் பாருங்கள், ஆசாரி அண்ணன் சொன்ன மாதிரி. அட்டையின் மேல்தோல் உரிந்து வந்திருக்கும். அதாவது பசை ஜெயித்து அட்டை தோற்றது. தகரத்தில் தடவினால் காய்ந்ததும் அப்பளம் மாதிரி தனியாக எழும்பி வந்துவிடும். காகிதத்துக்குள் பசை ஊறிப் போய் நாரைப் பிடித்துக்கொள்கிறது. தகரத்தில் ஊற இடமில்லை.

எனக்கு ஒரு மனக்குறை. "எது பலமான பசை" என்று பட்டியல் போட்டு மைதாவைக் கடைசியில் வைத்துவிடாதீர்கள். பைண்டிங்கில் பசை பலமாக இருந்தால் மட்டும் போதாது, வேண்டும்போது விடவும் வேண்டும். நூறு வருஷப் பழைய புத்தகம் ஒன்று வந்தது. முதுகை ஈரத் துணியால் நனைத்துக் கொஞ்ச நேரம் வைத்தேன், கஞ்சிப் பசை தானாக இளகி, முதுகில் ஒட்டியிருந்த காலிகோ துணி கழன்று வந்தது. தாளில் ஒரு கீறல் இல்லை. அதுவே யாரோ வெள்ளைப் பசை போட்டு ஒட்டிக் கொண்டுவந்த புத்தகம் என்றால் தாளோடு கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் பழைய தாள்களைச் செப்பனிடுகிறவர்கள் இன்றைக்கும் கோதுமை மாவுச்சத்துப் பசைதான் வைத்திருக்கிறார்கள், காரணம் இதுதான்.


எட்டாம்வகுப்பு டீச்சர் | செவ்வாய், காலை 7.05

இந்தக் கோணம் எங்களுக்குத் தோன்றவே இல்லை, அண்ணா. "ஈரத் துணியில் சுற்றி அரை மணி நேரம் வைத்தால் எது விடும்?" என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்கிறோம். மைதா பாதி வெந்ததும் இறக்கினதுதான் என்று இப்போது தெரிகிறது. கேஸ் தீர்ந்துவிடும் என்று பயந்தார்களாம்.

புளியங்கொட்டைப் பசை பற்றி யாருக்காவது தெரியுமா? ஒரு பையன் வீட்டிலிருந்து கொண்டுவந்தான்.


நறுவிலி | செவ்வாய், காலை 9.30

நன்றாகத் தெரியும். கொட்டையை வறுத்து, தோலை இடித்து நீக்கி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை அரைத்து, தண்ணீரில் காய்ச்சினால் பசை. தஞ்சாவூர் ஓவியத்தில் நகைகளுக்கும் தூண்களுக்கும் புடைப்பு வேலை செய்யச் சுண்ணாம்புப் பொடியோடு சேர்த்துக் குழைக்கிற பழைய பசை இதுதான். நெசவு நூலுக்குக் கஞ்சி போடவும் இந்தப் பருப்பு மாவு போகும்.

என் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு நறுவிலி மரம். பழத்தைப் பிதுக்கினால் கண்ணாடி போல நூல் நூலாக வரும். மூக்குச்சளிப் பழம் என்று பெயர். நோட்டு அட்டைக்கு லேபிள் ஒட்ட அதுதான், காசு கொடுத்து கோந்து வாங்கினதே இல்லை. அந்தப் பழம் கிடைத்தால் ஐந்தாவது பசையாகச் சேருங்களேன். இழையில் சம்பந்தமில்லாமல் பேசுகிறேனோ?


மூலக்கூறு | செவ்வாய், காலை 10.00

சம்பந்தம் இருக்கிறது, பேசுங்கள்.

டீச்சர், தகரத்தில் சுத்தமான ஜோடியே 9 கிலோவில் விட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. மெல்லிய தகரம் பாரம் ஏறினதும் லேசாக வளையும். வளைந்தால் ஒட்டின் ஓரம் வாயைத் திறக்கும். அப்புறம் அது இழுப்பு அல்ல, உரிப்பு.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பொட்டு போதும். விரலை மேலே வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள், அசையாது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுங்கள், ஒரு நொடியில் கையோடு வந்துவிடும். அதே பசை, அதே கண்ணாடி. தள்ளும்போது பொட்டின் முழுப் பரப்பும் ஒன்றாக எதிர்க்கிறது. உரிக்கும்போது அந்த நொடியில் எதிர்ப்பது ஒரு மயிரிழைக் கோடு மட்டும். "இந்தப் பசையின் பலம் இவ்வளவு" என்று ஒற்றை எண் சொல்ல முடியாததும் இதனால்தான். எப்படி இழுத்தாய் என்று கூடவே சொல்ல வேண்டும்.

இதே காரணத்தால் ஒட்டும் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் பாரம் இரண்டு மடங்காகாது. இரண்டு முனைகளும்தான் அதிகம் சுமக்கின்றன, நடுப்பகுதி கொஞ்சம் சோம்பேறி.


சந்தேகப்பேர்வழி | செவ்வாய், பகல் 1.15

அப்படியென்றால் வாளியே வேண்டாம், உரிப்பையே அளக்கலாமே? செல்லோடேப்பை வைத்து. பாரமும் குறைவு, தரையும் நனையாது.


மூலக்கூறு | செவ்வாய், பகல் 1.40

உங்களிடமிருந்து இப்படி ஒரு உருப்படியான யோசனையா!

ஆமாம், டேப் தயாரிக்கிறவர்கள் செய்வதும் அதுதான். 2 கிலோ உருளையால் டேப்பை அமுக்கி, நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் உரித்து, எவ்வளவு விசை என்று பார்ப்பார்கள். பள்ளியில் இயந்திரம் இல்லை. பரவாயில்லை, திருப்பிப் போடலாம். பரப்பைத் தலைகீழாகக் கிடையாக வைத்து, அடியில் டேப்பை ஒட்டி, தொங்கும் நுனியில் எப்போதும் ஒரே எடையைக் கட்டிவிடுங்கள். 5 செ.மீ. உரிய எத்தனை நொடி என்று மட்டும் கடிகாரம் பார்த்து எழுதட்டும். எடையாக மணல் போட்ட பேப்பர் கப் போதும். அமுக்குவதற்குத் தண்ணீர் நிறைத்த 2 லிட்டர் பாட்டிலை ஒரே ஒரு முறை உருட்டுங்கள், கிட்டத்தட்ட 2 கிலோ வந்துவிட்டது. ஒட்டியபின் காத்திருக்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். டேப் பசை நேரம் ஆக ஆக இன்னும் நன்றாகப் படியும்.


எட்டாம்வகுப்பு டீச்சர் | வெள்ளி, இரவு 9.15

மூன்று நாளாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

டேப் உரிப்பைத்தான் பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள். இரண்டு பெஞ்சுக்கு நடுவில் பாலம் மாதிரி பரப்பை வைத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். எவர்சில்வர் தட்டு, ஜன்னல் கண்ணாடித் துண்டு, டைல்ஸ், ஐஸ்கிரீம் மூடி (எண் 5தான்!), வார்னிஷ் அடித்த பலகை. கண்ணாடியில் டேப் நத்தை போல நகர்ந்தது. மூடியில் கப்பை விட்டதும் சர்ரென்று வந்து மூக்கில் விழுந்தது, மணலோடு. சுண்ணாம்புச் சுவரை எப்படித் தலைகீழாக்குவது என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் சுவரிலேயே ஒட்டிக் கையால் உரித்துப் பார்த்தார்கள். டேப்பின் பசைப் பக்கத்தில் வெள்ளைப் பொடி அப்படியே வந்தது. "டீச்சர், இதில் டேப் தோற்கவில்லை, சுவர் தோற்றது" என்றாள் எண்ணெய்ப் பெண். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவளுடைய தகர ஆய்வு: கழுவி உப்புத்தாள் போட்டவை ஐந்தில் மூன்று வாளி நிறைந்தும் விடவில்லை, இரண்டு 9 கிலோவுக்கு மேல் போயின. எண்ணெய் தடவித் துடைத்தவை ஐந்தும் 4 கிலோ தாண்டவில்லை. உரிந்த இடத்தைப் பார்த்தால் பசை முழுத்தகடாக ஒரு பக்கமே வந்திருக்கிறது, கண்ணாடி போல வழவழவென்று. விடாதவற்றுக்கு எண் போடாமல் "10.4 கிலோவுக்கு மேல்" என்று எழுதியிருக்கிறோம். சரிதானே?

மூடியில் உப்புத்தாள் போட்டும் குயிக் பெரிதாக முன்னேறவில்லை. சொட்டுத் தண்ணீர் அங்கே முத்தாகவே நின்றது.

ஒரு கேள்வி மீதி. "பல்லி எந்தப் பசையால் ஒட்டுகிறது? அதற்கு எண்ணெய் பட்டால் என்ன ஆகும்?" எனக்குப் பாதிதான் தெரியும்.


மூலக்கூறு | வெள்ளி, இரவு 10.00

"10.4க்கு மேல்" மிகச் சரி. அதைச் சராசரியில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

பல்லியிடம் பசையே இல்லை. பாதத்தில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்காகக் கிளைத்திருக்கும். அவை பரப்புக்கு அவ்வளவு நெருக்கமாகப் போவதால் மூலக்கூறுகளுக்கு இடையே எப்போதும் இருக்கும் சின்ன ஈர்ப்பே, வான்டர் வால்ஸ் விசை, போதுமானதாகிவிடுகிறது. அமெரிக்காவில் கெல்லர் ஆட்டம் குழுவினர் ஒற்றை மயிரின் பிடியை அளந்து 2000இல் வெளியிட்டார்கள். காய்ந்த டெஃப்லான் பரப்பில் பல்லிக்கும் பிடி கிடைக்காது, உங்கள் ஐஸ்கிரீம் மூடியை விட வழுக்கலான பரப்பு அது. காலை எடுக்கும்போது பல்லி விரலை நுனியிலிருந்து சுருட்டி உரிக்கிறது. ஸ்டிக்கர் பொட்டு நினைவிருக்கிறதா?

எண்ணெய்க் கேள்வியை அந்தப் பெண்ணிடமே விடுங்கள். ஆனால் பல்லிமேல் சோதிக்க வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.


பழைய நடுவர் | சனி, காலை 7.30

கரும்பலகையில் அந்த 4.45ஐ எழுதினானே ஒரு பையன், அவனைச் சார்ட்டில் அதை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அழிக்க வேண்டாம், குறுக்கே ஒரு கோடு போடட்டும். பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி. நான் நடுவராக இருந்தால் முதலில் அங்கேதான் நிற்பேன்.


இழைப்புளி | சனி, காலை 8.10

ஐஸ் குச்சி ஃபெவிகால் ஒட்டை உடைத்தே ஆக வேண்டும் என்றால் ஏற்றம் மாதிரி ஒரு கழி போடுங்கள். தாங்குகட்டையிலிருந்து அரைச் சாண் தள்ளிக் குச்சி, ஐந்து சாண் தள்ளி வாளி. பத்து கிலோ நூறு கிலோவாகும். ஆனால் நானாக இருந்தால் உடைக்க மாட்டேன். அந்தப் பசைக்கு வேறு ஒரு பலவீனம் உண்டு: திடீரென்று இழுத்தால் விடாது, நாள் கணக்காகப் பாரம் தொங்கினால், அதுவும் வெயில் சூட்டில், மெல்ல மெல்ல நழுவும். வளைத்து ஒட்டின பலகைகளில் பார்த்திருக்கிறேன். ஒட்டின இடத்துக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டுத் தொங்கவிடுங்கள். நழுவினால் கோடு இரண்டாகப் பிரியும்.


எட்டாம்வகுப்பு டீச்சர் | புதன், மாலை 6.40

தொங்கவிட்டோம். எட்டு லிட்டர், தகரக் கூரை போட்ட சைக்கிள் ஷெட்டில், கீழே பழைய மெத்தை. காலை மணி அடிப்பதற்கு முன் ஐந்து பேரும் அங்கே ஆஜர். லென்ஸ் வைத்துக் கோட்டைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். இன்று ஐந்தாம் நாள். கோடு இன்னும் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணெய்ப் பெண் மட்டும், மயிரிழை அளவு நகர்ந்திருக்கிறது, மற்றவர்களுக்குக் கண் சரியில்லை என்கிறாள்.


சந்தேகப்பேர்வழி | புதன், மாலை 7.00

விழுந்தால் உடனே சொல்லுங்கள். ராத்திரி என்றாலும் பரவாயில்லை.